கல்லடியில் ஹன்டிகப் ஓட்டத் தொடர் நடத்திய கணக்கு

மட்டக்களப்புப் பக்கம் சித்திரை வருசம் பிறந்தால் ஊருக்கு ஒரு மரதன் ஓட்டம் இருக்கும். வழுக்குமரம், முட்டி உடைத்தல் எல்லாவற்றுக்கும் முன்னால், விடியக்காலையில் அதுதான் நடக்கும். யார் வெல்வார் என்பதும் ஊருக்கே தெரியும்: போன வருசம் வென்ற அதே இரண்டு மூன்று பெடியன்கள். எங்கள் ஓட்டக் கழகத்திலும் அதே கதைதான். உறுப்பினர்களில் உயர்தரம் படிக்கிற பையனும் இருக்கிறான், தபாலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயாவும் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு ஓடத் தொடங்கிய ரீச்சரும் இருக்கிறார். எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஒரே விசிலில் விட்டால் முதல் நான்கு பேருக்குத்தான் போட்டி. மற்றவர்கள் வெயில் ஏற முதல் வீட்டுக்குப் போய்விட்டால் போதும் என்று ஓடுவார்கள். அடுத்த வருசம் பெயரே கொடுக்கமாட்டார்கள். ஹன்டிகப் முறையில் ஒரு தொடர் வைத்துப் பார்ப்போமே என்று செயற்குழுவில் சொன்னேன். சொன்னவன் தலையிலேயே வேலையும் விழுந்தது.

முறை இதுதான். ஒவ்வொருவரும் ஐந்து கிலோமீற்றரை எவ்வளவு நேரத்தில் ஓடுவார் என்று முன்கூட்டியே கணித்துக்கொள்வது. மெதுவாக ஓடுபவரை முதலில் விடுவது, வேகக்காரரைக் கடைசியில் விடுவது. கணிப்பு எல்லாம் சரியாக இருந்தால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முடிவுக் கோட்டுக்கு வந்து முட்டிக்கொள்ள வேண்டும். அப்படி ஒருநாளும் நடக்காது. தன் கணிப்பைவிட யார் கூடுதலாக முந்துகிறாரோ அவர் வெல்வார். முதலில் கோட்டைத் தாண்டியவரே வெற்றியாளர் என்பதால், பார்த்துக்கொண்டு நிற்கிற மீன்காரருக்கும் யார் வென்றது என்று விளங்கும்.

இது புது விசயமில்லை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டோவெல் கிஃப்ட் என்ற 120 மீற்றர் புல்தரை ஓட்டம் 1878இல் இருந்து இப்படித்தான் நடக்கிறது. அங்கே நேரத்துக்குப் பதிலாகத் தூரத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். மெதுவானவர் சில மீற்றர் முன்னால் நிற்பார். கலிபோர்னியாவில் 1905இல் தொடங்கிய டிப்சி மலைப்பாதை ஓட்டத்தில் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பார்த்து முன்நேரம் கொடுக்கிறார்கள். எங்கள் குழுவிலும் வயதை வைத்துக் கொடுப்போம் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்தைந்து வயதில் தினமும் ஓடுகிற ஒருவரும், முப்பது வயதில் போன மாதம்தான் சப்பாத்து வாங்கிய ஒருவரும் உள்ள கழகத்தில் வயது என்ன சொல்லும்? அவரவர் ஓடிய நேரத்தையே வைப்போம் என்று முடிவாயிற்று.

முதல் வேலை பாதை. கல்லடியில் தொடங்கி நாவலடிப் பக்கம் போய், பாதி வழியில் கிறுகி, அதே வழியால் திரும்புவது. ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், ஏற்றம் இறக்கம் ஒன்றுமில்லை. காலை ஆறு மணிக்கு வாகனமும் குறைவு. கருவாடு ஏற்றிப் போகிற லொறி ஒன்றிரண்டு வரும். நாய்கள்தான் தொல்லை: மெதுவாகப் போகிறவர்களைப் பார்த்தால் படுத்தபடி கண்ணை மட்டும் திறக்கும், பிந்தி வருகிற வேகக்காரர்களைக் கண்டால் எழும்பித் துரத்தும். இது யாருக்கு அனுகூலம் என்று இன்னும் தீரவில்லை.

தூரத்தை அளக்க போனை நம்பவில்லை. மூன்று போன் மூன்று கணக்குச் சொன்னது. வீதி ஓட்டப் பாதைகளை அளக்க உலகம் முழுக்கச் சைக்கிளைத்தான் பயன்படுத்துகிறார்கள். சில்லு எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணுகிற ஜோன்ஸ் கவுண்டர் என்ற சின்னக் கருவி 1971இல் அமெரிக்காவில் வந்தது. அது எங்களிடம் இல்லை. பழைய லுமாலா சைக்கிள் ஒன்றின் முன்சில்லுக் கம்பியில் ஒரு தடித்த பிளாஸ்ரிக் துண்டைக் கட்டினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஃபோர்க்கில் பட்டு ‘டிக்’ என்னும். காத்தான்குடிக் கடையில் தஸ்பீஹ் எண்ணுகிற விரல் கவுண்டர் ஒன்று வாங்கி ஹாண்டிலில் இறுக்கி, ஒவ்வொரு டிக்குக்கும் பெருவிரலால் ஒரு அழுத்து. ஆறுதலாக மிதித்தால் தப்பாமல் அழுத்தலாம்.

சில்லின் சுற்றளவைத் தெரிந்துகொள்ள 50 மீற்றர் இரும்பு நாடாவை நேரான வீதி ஓரத்தில் ஆறு தரம் வைத்து 300 மீற்றர் குறித்தேன். அதில் சைக்கிளை ஓட்டினால் 140 முழுச் சுற்றும், அதற்கு மேல் ஆறு கம்பி அளவும். முன்சில்லில் 32 கம்பி. ஆக ஒரு சுற்றுக்கு 2.14 மீற்றர். பாதையின் பாதி 2500 மீற்றர். அதோடு ஆயிரத்துக்கு ஒன்று கூட்டி 2502.5 வைத்தேன். பாதை ஒருக்காலும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக அளப்பவர்கள் கூட்டுகிற அளவு அது. 1169 சுற்றும் பன்னிரண்டரைக் கம்பியும் வந்த இடத்தில் ஒரு மின்கம்பத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயின்ற் கோடு விழுந்தது. காற்று அடித்த ரயர் வெயிலில் கொஞ்சம் உப்பும் என்பதால், முடிந்ததும் 300 மீற்றரைத் திரும்பவும் ஓட்டி ஒப்பிட வேண்டும். இவ்வளவு நுணுக்கம் ஹன்டிகப்புக்குத் தேவையா என்றால் தேவையே இல்லை. எல்லா மாதமும் அதே பாதை என்றால் 4.9 கிலோமீற்றரும் போதும். ஆனால் எங்கள் ஆட்கள் ‘நான் ஐந்தை இருபத்திநாலில் ஓடினேன்’ என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அது உண்மையாக இருக்கட்டும்.

அடுத்தது கணிப்பு. ஐந்து கிலோமீற்றர் நேரம் கையில் இருப்பவருக்குச் சிக்கலில்லை. மற்றவர்களுக்குப் பீற்றர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1977இல் எழுதிய சூத்திரத்தைப் பாவித்தேன்: தெரிந்த நேரத்தை, இரண்டு தூரங்களின் விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, அதனால் பெருக்குவது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போகும் என்பதுதான் அதன் சாரம். பத்துக் கிலோமீற்றரை 50 நிமிடத்தில் ஓடுபவருக்கு ஐந்துக்கு 23:59 வரும். மூன்றை 15:00இல் ஓடுபவருக்கு 25:47.

தாளில் ஒரு சின்ன விசயம். எக்ஸலில் 27:10 என்று அடித்தால் அது 27 மணி 10 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். எல்லா நேரத்தையும் செக்கனாக மாற்றி (1630) ஒரு நிரலில் வைத்துவிட்டு, அச்சடிக்கிற நிரலில் மட்டும் நிமிடமாகக் காட்டினால் தலையிடி இல்லை.

புறப்படும் நேரம் = 40 நிமிடம் கழித்தல் கணிப்பு. எல்லோரிலும் மெதுவானவரைப் பூச்சியத்தில் வைத்து மற்றவர்களை அவரோடு ஒப்பிடுவதுதான் வழக்கம். ஆனால் அவர் ஒரு மாதம் வராவிட்டால் எல்லோருடைய நேரமும் மாறும். நாற்பதை நிலையாக வைத்தால் மாறாது. கணிப்பு 38:30 என்றால் 1:30க்குப் புறப்பட வேண்டும், 28:00 என்றால் 12:00க்கு. கிடைப்பதைப் பதினைந்து செக்கனுக்குக் கீழ்நோக்கி முழுமையாக்குகிறோம். பெயர் கூப்பிடுபவருக்கு மூச்சுவிட இடம் வேண்டும். நெஞ்சில் குத்துகிற இலக்கத் துண்டின் கீழ் மூலையில் அவரவர் புறப்படும் நேரத்தையும் எழுதிவிடுகிறோம். பிளாஸ்ரிக் கதிரையில் ஒரு டப்லற், அதில் ஓடுகிற ஒரே கடிகாரம். உங்கள் நேரம் வரும்போது நீங்கள் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தால் கடிகாரம் நிற்காது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சிலருக்குப் பூசை, பிள்ளைகளுக்கு ரியூசன். அதற்குள் முடிய வேண்டும். பெப்ரவரியில் சூரியன் வர ஆறே கால் ஆகும், ஜூனில் ஆறுக்கு முன்பே வந்துவிடும். ஹன்டிகப்பில் முதலில் புறப்படுபவர்கள் வயதானவர்களும் புதியவர்களும்தான். இருட்டில் ஓடுவதும் அவர்கள்தான் ஆகிவிடும். அதனால் பெப்ரவரியில் கடிகாரத்தை 6:00க்கும் மே தொடக்கம் 5:40க்கும் தொடங்கினோம். மாரி மழைக்குப் பிறகு பெப்ரவரியில் தொடங்கி செப்டெம்பரில் முடிப்பது, நோன்பு மாதத்தில் ஓட்டமில்லை, ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கம் போகிற வாரத்திலும் இல்லை. பொலிசுக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒவ்வொரு கடிதம். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் ஓட்டத்திலேயே இரண்டு பாடம் கிடைத்தது. உயர்தரம் படிக்கிற பையனிடம் 1500 மீற்றர் நேரம் மட்டும்தான் இருந்தது: சரியாக ஐந்து நிமிடம். சூத்திரம் அவனுக்கு 17:55 கொடுத்தது. 22:00க்குப் புறப்பட்டான். 19:20இல் ஓடி 41:20க்கு வந்தபோது மற்றவர்கள் இலைக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். 19:20 நல்ல ஓட்டம்தான். ஆனால் ரீகல் சூத்திரம் இரண்டு தூரத்துக்கும் ஒரே அளவு பயிற்சி இருப்பதாக எடுத்துக்கொள்ளும். பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு 1500 ஓடுகிற பிள்ளைகள் வாரத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறார்கள் என்று கேட்டால் விளங்கும். இப்போது மூன்று கிலோமீற்றருக்குக் குறைந்த நேரத்தை நான் ஏற்பதில்லை.

இரண்டாவது பாடம் வேறு வகை. ஒரு தம்பி பரீட்சார்த்த ஓட்டத்தில் கதைத்துக் கதைத்து 34 நிமிடத்தில் வந்தவர், போட்டியன்று 26இல் ஓடினார். எட்டு நிமிடம் முன்னால், கையை விரித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்து தயிர்ச் சட்டியைத் தூக்கினார். (முதல் பரிசு எப்போதும் ஒரு சட்டி எருமைத் தயிர். கேடயத்தைவிட அதற்குத்தான் ஓடுகிறார்கள்.) பம்மாத்து என்று இரண்டு பேர் கத்த, ‘எனக்கு அன்றைக்குக் காய்ச்சல்’ என்று அவர் சொல்ல, நல்ல கூத்து. காய்ச்சலா பம்மாத்தா என்று விசாரிக்கிற வேலை ஒழுங்கமைப்பாளருக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். ஆளைப் பார்த்து நேரத்தை வெட்டத் தொடங்கினால் அடுத்த மாதம் ஆளுக்கொரு கோள் வரும். விதி வெட்டட்டும். ஆகவே, புதிதாக வருபவர் முதல் ஓட்டத்தை விருந்தாளியாகவே ஓடுவார்: நேரம் எழுதுவோம், புள்ளியும் இல்லை, தயிரும் இல்லை. இரண்டாவது ஓட்டத்தில் இருந்துதான் போட்டி. அந்தத் தம்பி அடுத்த மாதம் 26:00 கணிப்போடு நடுவில் எங்கேயோ வந்தார்.

தொடர் என்பதால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கணிப்பைத் திருத்த வேண்டும். முழுப் போட்டியின் உயிரும் இந்தத் திருத்தத்தில்தான். நாங்கள் வைத்த விதி இரண்டு பக்கமும் சமமாக இல்லை. கணிப்பைவிட வேகமாக ஓடினால், ஓடிய நேரமே அடுத்த கணிப்பு; முழுவதும் வெட்டு. கணிப்பைவிடப் பிந்தினால், பிந்தியதில் மூன்றிலொரு பங்குதான் திருப்பிக் கிடைக்கும், அதுவும் 20 செக்கனுக்கு மேல் இல்லை. சமமாக வைத்தால், ஒரு மாதம் வேண்டுமென்றே உருட்டிவிட்டு அடுத்த மாதம் பாய்வது நல்ல வியாபாரமாகிவிடும். இப்போது இரண்டு நிமிடம் உருட்டினாலும் கிடைப்பது 20 செக்கன், அந்த மாதப் புள்ளியும் போய்விடும். சுத்துமாத்துக்காரருக்குக் கட்டுபடியாகாது.

ஜூன் மாதத்தில் இந்த விதி தடுமாறியது. கச்சான் காற்று மேற்கில் இருந்து அனலாக அடிக்கிற காலம். ஆறு மணிக்கே தொண்டை காய்ந்துவிடும். அன்றைக்கு ஏறக்குறைய எல்லோரும் கணிப்பைவிடப் பிந்தினார்கள். இதை அப்படியே தாளில் போட்டால், அடுத்த மாதம் குளிர்ச்சியான காலையில் எல்லோருக்கும் இனாம் நேரம் கிடைக்கும். அன்றைக்கு வராமல் வீட்டில் படுத்தவருக்கு மட்டும் கிடைக்காது. ஆகவே ஒரு படி சேர்த்தேன். ஒவ்வொருவரும் ஓடிய நேரத்தை அவருடைய கணிப்பால் பிரிப்பது. வருகிற எண்களை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுப்பது. சராசரி கூடாது, காலில் தசை பிடித்து நடந்து வந்த ஒருவர் சராசரியையே இழுத்துவிடுவார். நடு எண் 1.02க்கு மேலே போனால் அல்லது 0.98க்குக் கீழே வந்தால் அன்றைய நாளே வித்தியாசமான நாள். அப்போது ஒவ்வொருவருடைய நேரத்தையும் அந்த நடு எண்ணால் பிரித்த பிறகுதான் கணிப்பைத் தொடுவது. செக்கனாகக் கழிக்காமல் வீதமாகப் பிரிப்பதற்கும் காரணம் உண்டு: மூன்று வீத வெக்கை, 18 நிமிடக்காரரிடம் 32 செக்கனைத்தான் பறிக்கும், 38 நிமிடக்காரரிடம் 68 செக்கனைப் பறிக்கும். அன்றைய இடங்களில் கை வைப்பதில்லை. கோட்டைத் தாண்டிய ஒழுங்கு தாண்டிய ஒழுங்குதான்.

விளக்குவதுதான் பெரும்பாடு. ஓட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவருக்குக் கணிப்பு 27:00. அன்றைக்கு 27:40 ஓடினார். நடு எண் 1.03. 1660 செக்கனை 1.03ஆல் பிரித்தால் 1612, அதாவது 26:52. அடுத்த மாதம் அவருக்கு எட்டுச் செக்கன் வெட்டு. தாளைப் பார்த்துவிட்டு நேரே வந்தார்.

“நான் நாப்பது செக்கன் பிந்தித்தானே வந்தன்? பிந்தி வந்தவனுக்கும் வெட்டோ?”

“எல்லாரும் உங்களவிடக் கூடப் பிந்தினவங்க அண்ணன். அந்த வெக்கையில நீங்க நல்லா ஓடியிருக்கீங்க.”

“நல்லா ஓடினன் எண்டுறாய். மறுகா ஏன்டா வெட்டுறாய்?”

தேத்தண்ணிக் கடையில் இரண்டு பிளேன்ரீ முடியும்வரை இது போனது. கடைசியில் ஒரு பத்திரிகைத் துண்டில் அவரே கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒத்துக்கொண்டாரா தெரியாது, ஆனால் மற்றவர்கள் கேட்டபோது விளக்கியது அவர்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டம் முடிந்த மாலையும் முழுத் தாளையும், சூத்திரத்தோடு, கழக வட்சப்பில் போட்டுவிடுகிறேன். யாரும் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம்.

முடிவுக் கோட்டுக்கு வருவோம். சாதாரண ஓட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக நிதானமாக வருவார்கள், ஒரு கொப்பியும் பேனையும் போதும். ஹன்டிகப்பில் கணக்கு எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு முடிவில் நெருக்கடி. முதல் அரைமணி நேரம் கோட்டில் நிற்பவர்களுக்கு ஈ ஓட்டுவதுதான் வேலை. 38வது நிமிடத்தில் தூரத்தில் ஒரு கும்பல் தெரியும். முன்னால் ஐயா, தோளைத் தூக்கித் தூக்கி ஓடுவார். அவருக்கு முப்பது மீற்றர் பின்னால் ரீச்சர். அவர்களுக்குப் பின்னால் வீதியை அடைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர். அதற்குள் பூந்து பூந்து வருகிற பெடியன்கள். ஐயா திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எல்லோரும் கத்துவார்கள், அவர் கட்டாயம் திரும்பிப் பார்ப்பார். ஒரே நிமிடத்துக்குள் பாதிப்பேர் கோட்டைத் தாண்டிவிடுவார்கள்.

இதற்கு மூன்று பதிவு வைத்தோம். ஒருவர் ஸ்டொப் வோச்சில் ஒவ்வொரு நெஞ்சும் தாண்டும்போது ஒரு அழுத்து. யார் என்று பார்க்கவே கூடாது, நேரம் மட்டும். கோட்டுக்கு அப்பால் தும்புக் கயிற்றால் ஒராள் மட்டும் போகக்கூடிய ஓடை. அதன் வாயில் நிற்பவர் வந்த ஒழுங்கில் 1, 2, 3 என்று எழுதிய அட்டையைக் கையில் திணிப்பார். ஓடைக்குள் முந்தக் கூடாது. அட்டையைக் கொண்டுபோய் மேசையில் கொடுத்தால் அங்கே பெயர் எழுதப்படும். மூன்றாவது, கோட்டுக்கு நேரே ஒரு கதிரையில் கட்டிவைத்த போன், ஓட்டம் முழுக்க வீடியோ. தகராறு வந்தால் மட்டும் பார்ப்பது. அட்டை காற்றில் பறக்காமல் துளையிட்டு ஒரு கம்பி வளையத்தில் கோர்த்திருக்கிறோம், பழைய பஸ் ரிக்கற் கட்டைப் போல ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுப்பது. கிறுகுகிற இடத்தில் நிற்பவர் ஆளுக்கொரு றப்பர் பாண்ட் கொடுப்பார். மணிக்கட்டில் அது இல்லாமல் வந்தால் அட்டை இல்லை.

ஓடிய நேரம் = கடிகார நேரம் கழித்தல் அவர் புறப்பட வேண்டிய நேரம். முந்திப் பாய்ந்தவரும் பிந்திப் புறப்பட்டவரும் அச்சடித்த நேரத்துக்கே கணக்கு. முந்திப் பாய்ந்தால் அதோடு ஒரு நிமிடம் தண்டம்.

புள்ளிகள் எளிது. முதலாவதுக்கு 30, பிறகு ஒவ்வொன்றாகக் குறையும், முடித்த எவருக்கும் 5க்குக் குறையாது. சிறந்த ஐந்து ஓட்டங்கள் எண்ணப்படும். ஒரு மாதம் ஓடாமல் கோட்டிலோ கிறுகுகிற இடத்திலோ நின்று உதவியவருக்கு அவருடைய மற்ற ஓட்டங்களின் சராசரி கிடைக்கும், தொடருக்கு ஒரு தடவை. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் கயிறு பிடிக்க ஆள் கிடைக்காது.

தொடரை வென்றது ரீச்சர். ஒரு மாதம்கூட முதலாவதாக வரவில்லை, தயிர்ச் சட்டி ஒன்றும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு மாதமும் பத்து இருபது செக்கன் முன்னேறி, ஒவ்வொரு மாதமும் முதல் ஐந்துக்குள் வந்தார். முழு வெட்டு விதி அவரைப் போன்றவருக்குப் பாதகம் இல்லை. முன்னேறிய அன்றைக்குப் புள்ளி கிடைத்துவிடுகிறது, வெட்டு அடுத்த மாதத்துக்குத்தான்.

பாதகம் ஐயாவுக்குத்தான். செப்டெம்பர் முடிய என்னிடம் வந்தார். “எனக்கு வயசு போகுது தம்பி, உங்கட கணக்கு மட்டும் நிண்ட இடத்திலயே நிக்குது.” தாளைப் பார்த்தால் அவர் சொன்னது சரி. 38:30 கணிப்போடு 40:00 ஓடுகிறார். தொண்ணூறு செக்கனில் மூன்றிலொன்று 30, உச்சவரம்பு 20, ஆகவே 38:50. அடுத்த மாதமும் அதே கதை. பம்மாத்துக்காரரைப் பிடிக்க வைத்த பொறி வயதானவரையும் சேர்த்துப் பிடிக்கிறது. வயதை ஹன்டிகப்புக்குள் கொண்டுவர வேண்டாம் என்று வாதாடியவன் நான்தான். ஆனாலும் இங்கே வயது கேட்பது முன்நேரத்தை அல்ல, திருத்தம் எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்பதை மட்டும். குழுவில் இரண்டு பேர் எதிர்த்தார்கள், ‘மறுகா முழங்கால் நோவுக்காரரும் கேட்பார்’ என்று. அந்தப் பயம் எனக்கும் உண்டு. கடைசியில் அறுபது தாண்டியவர்களுக்கு மூன்றிலொன்றுக்குப் பதில் பாதி, உச்சவரம்பு 40 செக்கன் என்று ஒரு தொடருக்கு மட்டும் வைத்துப் பார்ப்பதாக முடிவு. செப்டெம்பர் ஓட்டத்துக்கும் அதையே போட்டுப் பார்த்ததில் ஐயாவின் கணிப்பு 39:10. வருகிற பெப்ரவரியில் அவர் 0:45க்குப் புறப்படுவார்.